துணி காட்டிய திசை

எல்சிடி பேனல் தயாரிக்கும் இடத்துக்குள் போவதென்றால் கண்ணைத் தவிர உடம்பின் எல்லா பாகத்தையும் மூடிக்கொண்டுதான் போகவேண்டும். உள்ளே வரும் காற்றையே வடிகட்டித்தான் அனுப்புவார்கள். ஒரு தூசி விழுந்தால் ஒரு பிக்சல் போச்சு. கண்ணாடிமேல் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அச்சிடும் அந்த அறைகளுக்கு நடுவே, பல பத்தாண்டுகளாக ஒரு விநோதமான வேலை நடந்துகொண்டிருந்தது. வெல்வெட் துணி சுற்றிய உருளை ஒன்று வேகமாகச் சுழன்றபடி வந்து, கண்ணாடியை ஒரே திசையில் தேய்த்துவிட்டுப் போகும். அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறோமே, ஏறக்குறைய அதே காரியம்.

அந்தத் தேய்ப்பு இல்லையென்றால் அந்தக் காலத்து லேப்டாப்பும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை, கைக்கடிகாரமும் இல்லை. ஆனால் ஏன் தேய்க்க வேண்டும், தேய்த்தால் அங்கே என்னதான் நடக்கிறது என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில், துணி தேய்த்தே ஒரு பெருந்தொழில் வளர்ந்து நின்ற பிறகுதான் கிடைத்தது.

திரவப் படிகத் திரையின் வரலாற்றைப் பெரும்பாலும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, மூலக்கூறுகளின் கதை: எந்த வேதியியலாளர் எந்தப் பொருளைக் கண்டுபிடித்தார் என்பது. இன்னொன்று, காப்புரிமைச் சண்டைகளின் கதை. இரண்டுமே சுவாரஸ்யமானவைதான். ஆனால் இரண்டிலும் கண்ணாடியின் மேற்பரப்பு ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும்: 'தகடுகள் ஒரே திசையில் தேய்க்கப்பட்டன.' சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று போடுவதைப் போல. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தின் கதைதான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்துவிடலாம். திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் பெரும்பாலும் குச்சி போன்றவை. நீளம் சுமார் 2 நானோமீட்டர். திரவம்போல ஓடும், ஆனால் ஓடும்போதும் குச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்த்திருக்கும். ஆற்றில் மிதந்து போகும் மரக்கட்டைகள் மாதிரி: இடம் மாறிக்கொண்டே இருக்கும், திசை மட்டும் ஒன்றாக இருக்கும். ஆனால் அந்த 'ஒரே பக்கம்' எந்தப் பக்கம்? அதைத் திரவம் தானாக முடிவு செய்வதில்லை. சும்மா விட்டுவிட்டால் இங்கே ஒரு திசை, அங்கே ஒரு திசை என்று துண்டு துண்டாகப் பிரிந்து, அந்தத் துண்டுகளின் எல்லைகளில் ஒளி சிதறி, மோர் மாதிரிக் கலங்கலாகத் தெரியும்.

திரையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 4, 5 மைக்ரோமீட்டர். அதாவது நம்முடைய குச்சிகளைச் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் இரண்டாயிரத்துச் சொச்சம். இவற்றில் கண்ணாடியை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது ஓரத்து வரிசை மட்டும்தான். அந்த ஓரத்து வரிசை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதைப் பார்த்து அடுத்த வரிசை, அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஆகவே கண்ணாடியின் தோலில் சில நானோமீட்டருக்குள் எடுக்கப்படும் முடிவு, அதைப்போல ஆயிரம் மடங்கு தடிமனுள்ள திரவத்தை ஆள்கிறது. மேற்பரப்பைக் கவனிக்கவேண்டிய காரணம் இதுதான்.

1888இல் பிராக் நகரத்தில் வேலை பார்த்த ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரெட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்ற பொருள் இரண்டு முறை உருகுவதைப் பார்த்தார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமாகும், 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று தெளியும். குழம்பிப்போன அவர் ஓட்டோ லேமானுக்குக் கடிதம் எழுதினார். லேமானிடம் சூடேற்றியபடியே பார்க்க வசதியுள்ள நுண்ணோக்கி ஒன்று இருந்தது. ஓடுகிற பொருள், ஆனால் படிகம்போல ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது என்று லேமான் அடித்துச் சொன்னார். இல்லவே இல்லை, இது எண்ணெயும் தண்ணீரும் கலந்த மாதிரியான ஒரு கலவை, அதனால்தான் கலங்கலாக இருக்கிறது என்று குஸ்தாவ் தம்மான் போன்ற பெரிய வேதியியலாளர்கள் எதிர்த்தார்கள். சண்டை வருஷக்கணக்காக நீண்டது.

கவனித்துப் பாருங்கள், அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது கலங்கல். கலங்கல் இந்தப் பொருளின் கூடப்பிறந்த குணமா, அல்லது ஒழுங்கில்லாமல் கிடப்பதால் வந்த குணமா? பிரான்ஸைச் சேர்ந்த படிகவியலாளர் ஷார்ல் மோகன் 1911இல் செய்த சோதனைகளை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும். மெல்லிய படலமாக, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரே சீராக நிறுத்திவிட்டால் அதே திரவம் படிகத் துண்டு மாதிரித் தெளிவாக இருந்தது. அவர் இன்னொன்றையும் பார்த்தார். கண்ணாடியைத் தொட்டிருக்கும் மூலக்கூறுகள் பிடித்த பிடியை விடுவதில்லை. மேல் கண்ணாடியை மெல்லத் திருப்பினால், அதனோடு சேர்ந்து மேல்வரிசை திரும்பும். கீழ்வரிசை அப்படியே நிற்கும். நடுவில் இருப்பவை சுழல் படிக்கட்டுப்போல முறுக்கிக்கொள்ளும். ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, நம் பாடப்புத்தகங்கள் தளவிளைவுற்ற ஒளி என்று சொல்லும் ஒளியை, அந்தப் படிக்கட்டின் ஒரு முனையில் விட்டால், ஒளியின் அதிர்வுத்தளமும் படிக்கட்டோடு திரும்பிக்கொண்டே போய் மறுமுனையில் வெளியே வந்தது.

இன்றைக்கு இதைப் படிக்கும் யாருக்கும் தோன்றும்: அட, இது எல்சிடி ஆச்சே! ஆமாம், கிட்டத்தட்ட அதுதான். மின்சாரம் மட்டும்தான் பாக்கி. ஆனால் மோகன் பார்த்த பொருள் 118 டிகிரிக்கு மேலேதான் திரவப் படிகம். அடுப்பில் வைத்த கடிகாரத்தை யார் கட்டிக்கொள்வார்கள்?

1913இல் மோகன் மைக்கா தகட்டின்மேல் இந்தத் திரவத்தை வைத்தார். புதிதாகப் பிளந்த மைக்காவின் அணு வரிசை, மூலக்கூறுகளுக்குத் திசை காட்டியது. 1916இல் கிராஞ்ஜான் இதையே பல்வேறு படிகங்களின் பிளவு முகங்களில் செய்து பார்த்தார். அதாவது, திசை என்பது படிகத்தின் முகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. திரவம் அதைப் படித்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடிக்குப் படிகம்போல அணு வரிசை கிடையாது. அதன் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. வேண்டுமென்றால் நாம்தான் எழுத வேண்டும்.

எழுதினார்கள். 1928இல் சோகர், கோப்பர் என்ற இருவர் ஜெர்மனியில், கண்ணாடியை ஒரே திசையில் தேய்த்தாலே அதன் பரப்புக்கு ஒரு திசை வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். பிறகு, ஐரோப்பா முழுக்கப் போரில் கிடந்த 1940களின் தொடக்கத்தில், பிரான்ஸைச் சேர்ந்த ஷத்லான் இந்தத் தேய்ப்பை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1943இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே 'தேய்க்கப்பட்ட பரப்புகளால் திரவப் படிகங்கள் ஒழுங்குபெறுவது பற்றி' என்ற பொருளில்தான் இருக்கும். பின்னால் வந்த ஆய்வுலகம் இதை 'ஷத்லான் முறை' என்றே அழைத்தது. அவர் யார் என்று இன்றைக்குக் கேட்டால், துறைக்கு உள்ளே இருப்பவர்களிலேயே பலர் முழிப்பார்கள். ஒரு முறைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஆள் மறைந்துபோவது அறிவியலில் சகஜம்தான். ஆனாலும் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் ஓடிய ஒரு வேலைக்கு இவ்வளவு சின்ன நினைவு போதுமா என்று தோன்றாமல் இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1962வாக்கில் திரவப் படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்க, கதை மறுபடி சூடு பிடித்தது. ஜார்ஜ் ஹெய்ல்மையரின் குழு, மின்சாரம் கொடுத்தால் தெளிவான திரவம் கொந்தளித்து வெள்ளையாகிற ஒரு முறையை உருவாக்கியது. 1968 மே 28ஆம் தேதி நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஆர்சிஏ அதை அறிவித்தது. சுவரில் மாட்டும் டிவி வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. இந்த முறையில் மேற்பரப்பு ஒழுங்கு அவ்வளவு கறாராகத் தேவைப்படவில்லை. திரவத்தைக் கலக்கிவிடுவதுதானே வேலை; கலக்கிவிடப் போகிற குட்டைக்கு வரிசை எதற்கு?

அதே ஆய்வகத்தில் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இருந்தார். அவர் வேறு மாதிரி யோசித்தார். மோகனின் முறுக்கை எடுத்துக்கொள்வோம். கீழ்க் கண்ணாடியை ஒரு திசையில் தேய்ப்போம், மேல் கண்ணாடியை அதற்குக் குறுக்கே தேய்ப்போம். நடுவில் திரவம் 90 டிகிரி முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக போலரைசர் தாள் வைத்தால், முறுக்கின் வழியே ஒளி திரும்பி வெளியே வரும்: திரை வெளிச்சம். மின்னழுத்தம் கொடுத்தால் குச்சிகள் எழுந்து நிற்கும், முறுக்கு போய்விடும், ஒளி நின்றுவிடும்: திரை இருட்டு. மின்சாரம் எடுத்தால்? பரப்புகள் பிடித்து இழுத்துப் பழைய முறுக்குக்குக் கொண்டுவந்துவிடும். கவனியுங்கள், மின்சாரம் பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதி, அதாவது திரும்பி வருவது, தேய்த்த பரப்பு செய்கிற வேலை.

ஹெய்ல்மையர் இதில் ஆர்வம் காட்டவில்லை. இரண்டு போலரைசர் வைத்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுமே என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பில்லை, ஆனால் முடிவு விலை கூடுதலாகிவிட்டது. ஹெல்ஃப்ரிக் 1970இல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்குப் போய் ஹோஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மார்ட்டின் ஷாட் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார். 1970 டிசம்பர் 4ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம். 1971 பிப்ரவரியில் கட்டுரை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் அதே எண்ணத்தோடு 1971 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கப்புறம் நடந்த வழக்கும் சமரசமும் தனிக் கதை, அதைப் பலர் எழுதிவிட்டார்கள்.

நமக்கு வேண்டியது, கட்டுரை வந்த பிறகு தொழிற்சாலைக்காரர்கள் எதிர்கொண்ட தலைவலி. ஆய்வகத்தில் ஒரு தகட்டைத் துணியால் தேய்ப்பது சரி. ஆயிரக்கணக்கில் தயாரிக்கும்போது வெறும் கண்ணாடியில் தேய்த்த திசை சூட்டிலும் நாள்பட்டும் மங்கிப்போகிறது. அந்தக் காலத்துத் திரவப் படிகங்கள் வேறு, ஈரம் பட்டால் கெட்டுப்போகும் ரகம். அதனால் காற்றுப் புகாதபடி இரண்டு கண்ணாடிகளையும் கண்ணாடித் தூளாலேயே உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் எந்த பிளாஸ்டிக் பூச்சும் தாங்காது.

1972இல் என்சிஆர் நிறுவனத்தின் ஜான் ஜானிங் இதற்கு ஒரு வழி சொன்னார். வெற்றிட அறைக்குள் சிலிக்கன் மோனாக்சைடை ஆவியாக்கி, கண்ணாடியை ஏறக்குறைய உரசிச் செல்லும் சாய்ந்த கோணத்தில் அதன்மேல் படியவிடுவது. சாய்ந்து வந்து விழும் ஆவி, சாய்ந்த காட்டைப்போலப் படியும். மூலக்கூறுகள் அந்தக் காட்டின் ஒழுங்கைப் பின்பற்றும். சூட்டுக்குக் கவலை இல்லை. அழகான முறை, ஆனால் வெற்றிட அறை மெதுவானது, செலவு பிடிப்பது.

இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கிரே, 1972இல் சயனோபைஃபினைல் என்ற வகை மூலக்கூறுகளைத் தயாரித்தார். அறை வெப்பநிலையிலேயே திரவப் படிகமாக இருக்கும், ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் அசராது. எல்சிடி வரலாற்றில் இதை ஒரு வேதியியல் வெற்றியாக மட்டுமே சொல்வார்கள். அதன் இன்னொரு விளைவு இப்படி: ஈரத்துக்கு அசராத திரவம் என்றால் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்ட வேண்டியதில்லை, எபாக்சி பசையே போதும். பசை போதுமென்றால் 400 டிகிரி சூடு வேண்டாம். அந்தச் சூடு வேண்டாமென்றால் பாலிமர் பூச்சுகளைப் பயன்படுத்தலாம். பாலிமர் பூச்சென்றால்? மறுபடியும் துணி! கிரேயின் மூலக்கூறு, ஜானிங்கின் வெற்றிட அறையை ஓரங்கட்டி, ஷத்லானின் தேய்ப்பைத் திரும்பக் கூட்டிவந்தது.

அப்படி நிலைத்த பூச்சுதான் பாலிஇமைடு. சூட்டைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். அதன் மூலக்கரைசலைக் கண்ணாடிமேல் 100 நானோமீட்டர் அளவுக்கு மெல்லியதாகப் பூசி, 200 டிகிரி வாக்கில் சுட்டு, அதன்மேல் வெல்வெட் உருளையை ஓட்டுவார்கள். துணியின் முடி எவ்வளவு நீளம், உருளை எத்தனை சுற்று, எவ்வளவு அழுத்தம், எத்தனை பேனலுக்கு ஒருமுறை துணி மாற்றுவது என்பதெல்லாம் அந்தந்தத் தொழிற்சாலையின் கைப்பக்குவம். கைப்பக்குவம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். சமன்பாட்டில் வராத, செய்து செய்தே கண்ட அறிவு அது.

அந்தப் பக்குவம் எதற்கு முக்கியம் என்பதை இன்னொரு சிக்கல் காட்டும். குச்சிகள் பரப்பின்மேல் முழுக்கப் படுத்துக்கிடந்தால், மின்னழுத்தம் கொடுக்கும்போது எந்த முனையைத் தூக்கி எழுவது என்று அவற்றுக்குத் தெரியாது. சில இடத்தில் இந்த முனை எழும், சில இடத்தில் அந்த முனை. திரையில் திட்டுத் திட்டாகத் தெரியும். இங்கிலாந்தின் மால்வர்ன் ஆய்வகத்தில் பீட்டர் ரெயின்ஸ் 1970களின் நடுவில் இந்தத் திட்டுகளின் காரணத்தைப் பிரித்துக் காட்டி வைத்தியமும் சொன்னார். வைத்தியத்தின் ஒரு பகுதி, குச்சிகளைப் பரப்பிலேயே ஒரு பக்கமாகக் கொஞ்சம் தூக்கிவைப்பது. அதற்கு முன்சாய்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சாதாரணத் திரைக்கு ஒன்றிரண்டு டிகிரி போதும். தேய்ப்பின் அருமை இங்கேதான். வெல்வெட்டைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் தடவினால் முடி படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கும். தேய்ப்பும் அப்படியே, கோட்டை மட்டும் போடுவதில்லை, கோட்டில் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறது.

1980களில் முறுக்கை 90 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கும் மேலே கொண்டுபோய், கூடுதல் வரிகள் உள்ள திரைகளை உருவாக்கினார்கள். ஸ்விட்சர்லாந்தின் பிரௌன் பொவேரி ஆய்வகத்தில் ஷெஃபரும் நேரிங்கும் செய்த வேலை அது. அதற்கு முன்சாய்வு இன்னும் கூடுதலாக வேண்டியிருந்தது. அதற்குத் தோதான பாலிஇமைடுகளை உருவாக்குவது ஜப்பானிய வேதியியல் நிறுவனங்களின் தனித் தொழிலாகவே வளர்ந்தது. திரையில் பெயர் போட்டுக்கொள்ளும் நிறுவனங்களை உலகுக்கே தெரியும். இவர்களை யாருக்குத் தெரியும்?

சரி, தேய்த்தால் என்ன ஆகிறது?

பெல் ஆய்வகத்தின் டுவைட் பெரமன் 1972இல் ஒரு விளக்கம் கொடுத்தார். துணி, பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் கீறுகிறது. மூலக்கூறுகள் கோடுகளோடு படுக்கின்றன. இதை, கோடு என்ற பள்ளத்துக்குள் குச்சி போய் விழுகிறது என்று புரிந்துகொள்ளக் கூடாது. பள்ளங்கள் மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியவை. உழுத வயலில் ஒரு கூட்டம் கைகோத்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாலோடு நடந்தால் சிரமமில்லை. சாலுக்குக் குறுக்கே நடந்தால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கோத்த கை இழுபடும். திரவப் படிகத்துக்கும் வளைவது என்றால் ஆற்றல் செலவு. குறுக்கே கிடந்தால் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி வளைந்துகொண்டே இருக்க வேண்டும். கூடவே கிடந்தால் வளையவேண்டியதில்லை. செலவு குறைந்த வழியை இயற்கை எடுக்கும். கணக்கு கச்சிதமாக வந்தது. மூலக்கூறின் வேதியியலைப் பற்றி எதுவுமே தெரியாமல், மேடுபள்ளத்தின் வடிவத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்லிவிடலாம் என்பதால், இயற்பியலாளர்களுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் ஒரு பாலிமர் உறுத்திக்கொண்டே இருந்தது. பாலிஸ்டைரீன், நம்முடைய தெர்மக்கோல் எதனால் ஆனதோ அந்தப் பொருள். அதைப் பூசித் தேய்த்தால் மூலக்கூறுகள் தேய்த்த திசைக்குக் குறுக்கே போய்ப் படுத்தன! கோடுகள் ஒரு பக்கம், குச்சிகள் எதிர்ப்பக்கம். உழவுசால் மட்டுமே காரணம் என்றால் இது நடக்கவே கூடாது. பாலிஸ்டைரீன் சங்கிலியின் பக்கவாட்டில் வளையம் வளையமாகத் தொங்கும் கிளைகள் உண்டு. சங்கிலி தேய்த்த பக்கம் நீண்டால் கிளைகள் அதற்குக் குறுக்கே நீட்டி நிற்கும். அப்படியானால் திரவம் படிப்பது கோட்டை இல்லை, பாலிமரின் சங்கிலியையும் கிளையையும்தானோ?

1987இல் அதே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கியரி, குட்பி, கிமெட்ஸ், பட்டேல் ஆகிய நால்வர் பல பாலிமர்களை வரிசையாகச் சோதித்து, இந்தப் பக்கமே வாதாடினார்கள். தேய்ப்பு என்பது கீறல் போடுவதல்ல; பாலிமர் சங்கிலிகளை இழுத்து நீட்டிவிடுவது. இழுத்தால் நீண்டு அப்படியே நிற்கும் பாலிமர்கள் நன்றாக வேலை செய்தன. சிக்கு விழுந்த தலையைச் சீப்பு வாரிவிடுவதுபோலத் துணி சங்கிலிகளை வாரிவிடுகிறது. அந்த வாரிய சங்கிலிகளைத் திரவப் படிகம் தடவிப் பார்த்துத் தானும் அப்படியே படுக்கிறது, மோகனின் மைக்காவில் படுத்த மாதிரி.

இதை நேரில் பார்த்தால் ஒழிய சண்டை தீராது. பார்ப்பது எப்படி? படலமே 100 நானோமீட்டர். தேய்ப்பு தொடுவது அதன் மேல்தோலை மட்டும். அப்போது ஐபிஎம் நிறுவனம் ஜப்பானில் தோஷிபாவோடு சேர்ந்து பேனல் தயாரித்துக்கொண்டிருந்தது. 1992இல் வந்த திங்க்பேட் லேப்டாப்பின் பெயரே வண்ணத் திரையால்தான் நிலைத்தது. ஒரு பக்கம் துணியால் தேய்த்துத் திரை தயாரிக்கிற நிறுவனம், இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் உள்ள தன் ஆய்வகத்தில் 'நாம் என்னதான் செய்துகொண்டிருக்கிறோம்?' என்று கேட்க ஆள் வைத்திருந்தது. அந்தக் காலத்து நிறுவன ஆய்வகங்களின் இந்தப் பழக்கத்தை நினைத்தால் இன்றைக்குப் பொறாமையாக இருக்கிறது.

1995இல் மைக்கேல் டோனியும் சகாக்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். எக்ஸ்ரே கதிரைப் பரப்பை உரசிச் செல்லும் கோணத்தில் விட்டால் அது ஆழம் போகாமல் மேல்தோலிலிருந்து மட்டும் சிதறிவரும். அப்படிப் பார்த்தபோது, தேய்த்த பாலிஇமைடின் மேற்பரப்பையொட்டிய சில நானோமீட்டரில் சங்கிலிகள் தேய்த்த திசையில் வரிசையாக நின்றன. அதற்குக் கீழே பழையபடி தாறுமாறு. சீப்பு வாரியது மேல்முடியை மட்டும். ஆனால் திரவப் படிகத்துக்கு அதுவே போதும். உழவுசால் கணக்கும் பொய்யாகிவிடவில்லை. வேண்டுமென்றே வரிவரியாகச் செதுக்கிய பரப்புகளில் அது இன்றும் செல்லுபடியாகும். தேய்த்த பாலிஇமைடில் முதன்மைக் காரணம் அது இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகரும், சதாசிவா, சுரேஷ் ஆகியோரும், குச்சி வடிவத்தில் அல்லாமல் தட்டு வடிவத்தில் இருக்கும் மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார்கள். வெகுநாள் அதற்கு என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து லேப்டாப் திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும், ஞாபகம் இருக்கிறதா? 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அதைச் சரிசெய்ய ஒரு படலம் கொண்டுவந்தது. தட்டு மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சாய்த்து அடுக்கி, அப்படியே உறையவைத்த படலம். அந்தத் தட்டுகளுக்குத் திசை காட்டியதும் தேய்த்த பரப்புதான். பெங்களூருவின் தட்டுகள் ஷத்லானின் தேய்ப்பின்மேல் போய் உட்கார்ந்தன.

தேய்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவுடன் அதைக் கைவிடும் வழியும் தெரிந்தது. கைவிட வேண்டிய காரணங்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. அவ்வளவு சுத்தமான அறையில் துணி நூல் உதிர்க்கிறது. தேய்த்தால் நிலைமின்சாரம் எழுந்து டிரான்சிஸ்டர்களைச் சுட்டுவிடுகிறது. தேய்த்த பிறகு மறுபடி கழுவ வேண்டும். ஒரு நூல் வழிமாறினால் திரையில் ஒரு கோடு. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக இதெல்லாம் கூடவே பெருத்தது.

ஐபிஎம்மின் யோவாகிம் ஸ்டோரும் மகேஷ் சமந்தும் அந்தப் பரப்பை மேலும் துருவினார்கள். வரிசையான சங்கிலிகூட அவசியமில்லை. பரப்பில் உள்ள அணுப்பிணைப்புகளில் ஒரு பக்கச் சாய்வு இருந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தார்கள். அப்படியென்றால் பாலிமரும் வேண்டாம், துணியும் வேண்டாம். 2001இல், லூதியானாவில் பிறந்து கரக்பூர் ஐஐடியில் படித்த பிரவீண் சவுத்ரியும் சகாக்களும், எந்த வரிசையும் இல்லாத கார்பன் படலத்தின்மேல் அணுக்கற்றையைச் சாய்வாக அடித்துத் திசை எழுதிக் காட்டினார்கள். சாய்ந்து வரும் கற்றை, எதிரே நிற்கும் பிணைப்புகளை உடைக்கும், தன்னோடு ஒத்துப்போகிறவற்றை விட்டுவைக்கும். வரிசை இல்லாத பொருளில் இருந்து வேண்டாததைக் கழித்தே வரிசையை உண்டாக்குவது. படிக்கும்போதே கைதட்டத் தோன்றும் வேலை. இருந்தும் துணியைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்ப அதனால் முடியவில்லை.

அதைச் செய்தது ஒளி. 1988இல் ஜப்பானில் குனிஹிரோ இச்சிமுரா, ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் மூலக்கூறுகளைக் கண்ணாடிமேல் ஒற்றை வரிசையாக நட்டு, விளக்கின் நிறத்தை மாற்றியே திரவப் படிகத்தை நிற்கவும் படுக்கவும் வைத்தார். 1991இல் அமெரிக்காவில் கிப்பன்ஸ் குழு, தளவிளைவுற்ற லேசர் ஒளியால் திசை எழுதியது. 1992இல் ஒளியில் இணையும் பாலிமர்களை வைத்து இதை உறுதியான முறையாக்கிய குழுவில் ஒரு பெயர், மார்ட்டின் ஷாட். ஆமாம், அதே பாசெல் ஷாட். இருபது வருஷத்துக்கு முன்னால் தேய்த்த தகடுகளை வைத்து உலகத்துக்கு எல்சிடியைக் காட்டியவர், துணியை ஓய்வுபெறச் செய்யும் வேலையிலும் வந்து நின்றார்.

ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு வர மேலும் பதினேழு வருஷம் ஆனது. ஷார்ப் நிறுவனம் 2009இல் சக்காய் நகரத்தில் திறந்த ஆலையில் ஒரு கண்ணாடியின் அளவு 2,880க்கு 3,130 மில்லிமீட்டர். ஒரு சிறிய அறையின் தரை அளவு. அதை வெல்வெட்டால் சீராகத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். ஷார்ப் அங்கே புற ஊதா ஒளியால் திசை எழுதியது. 2014இல் ஆப்பிள் தன் புது ஐபோனை அறிமுகம் செய்தபோது, கறுப்பு நிறம் முன்னைவிடக் கறுப்பாக இருக்கக் காரணங்களில் ஒன்றாக இந்த ஒளிவழி ஒழுங்கை மேடையிலேயே குறிப்பிட்டது. அரங்கில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

கறுப்பு ஏன் கறுப்பாகிறது என்பது சுலபம். படுத்த வாக்கிலேயே திரும்பும் வகைத் திரைகளில் முன்சாய்வு குறையக் குறைய நல்லது. ஒளியால் எழுதினால் முன்சாய்வு ஏறக்குறைய இல்லை. மூலக்கூறுகள் நேர்த்தியாகப் படுத்தால் கசியும் வெளிச்சம் குறையும். எந்த முன்சாய்வுக்காகத் துணியை ஒருகாலத்தில் கொண்டாடினார்களோ, அதே முன்சாய்வு இங்கே வேண்டாத சரக்காகிவிட்டது.

ஆனால் பழைய 90 டிகிரி முறுக்குத் திரைக்கு அந்த ஒன்றிரண்டு டிகிரி இன்றும் வேண்டும். அதைத் துணியைவிட மலிவாகக் கொடுக்க வேறொன்று இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் டிஜிட்டல் மின்மீட்டர், கடையில் தட்டும் கால்குலேட்டர், தெர்மாமீட்டர் போன்றவற்றில் சாம்பல் பின்னணியில் கறுப்பு எண்கள் தெரிகிற அந்தச் சின்னத் திரையைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மூலையில் இருந்து பார்த்தால் எண்கள் பளிச்சென்றும், எதிர்மூலையில் இருந்து பார்த்தால் மங்கியும் தெரியும். பளிச்சென்று தெரியும் மூலை எது என்பது, எங்கோ ஒரு தொழிற்சாலையில் அந்தக் கண்ணாடியின் மேலே வெல்வெட் உருளை எந்தப் பக்கமாகப் போனது என்பதைப் பொறுத்தது.